நீலப் புட்டியில் சூசையப்பர்

மார்ச் 5, புதன். சாம்பல் புதன்

இருந்தவர்கள்: நான். கொழுந்தனார் லெயோன். உள்ளறையில் என் வீட்டுக்காரர் அந்துவான், தூங்கிக்கொண்டு. அடுப்படி மேடையில் அயர்லாந்து நாட்டு விஸ்கி மூன்று பாட்டில். வேறு யாரும் இல்லை.

கோயிலில் மாதா சபைக்குப் பதினோரு வருடமாக நான்தான் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதி எழுதி, யார் யார் இருந்தார்கள் என்று முதலில் போடாவிட்டால் எனக்கு மேலே ஓடுவதில்லை.

காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கி வந்தேன். இன்று ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். பதினொரு மணிக்கு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது லெயோன் பின்வாசல் வழியாக வந்தார். கையில் கனமான துணிப்பை. நேராக அலமாரியிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து மூக்குக்குள்ளேயே விடுவதுபோல் வைத்துக்கொண்டு இழுத்தார். பிறகு மூடி வைத்தார்.

"ஒண்ணும் தெரியல அண்ணி."

ஜனவரியில் காய்ச்சல் வந்ததிலிருந்து இப்படியாம். கற்பூரம், கருவாடு, சாம்பிராணி எதுவும் ஏறவில்லை. டாக்டர் ஆறு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாராம். வேறு யாருக்காவது இது நேர்ந்தால் சோறு ருசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். லெயோன் இருபத்திரண்டு வருடமாகக் கோதண்டபாணி முதலாளியின் மதுபான மொத்த வியாபாரத்தில் ருசி பார்த்துச் சொல்கிறவர். எந்தச் சரக்கை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்பதுதான் வேலை. புதுச்சேரியில் அந்த வேலை செய்கிறவர் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள்.

"சித்திரை மாசத்துல விலை கம்மியா ஒரு ஐரிஷ் விஸ்கி எறக்கணும்னு மொதலாளி ஆசப்படுறாரு. ஏஜெண்டு மூணு குடுத்திருக்கான். ஏப்ரல் பன்னெண்டு, சனிக்கிழமை, மொதலாளி முன்னாடி ருசி பாத்து எதுன்னு சொல்லணும். மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா கொடோன்ல பெட்டி எண்ணப் போடுவாரு. அங்க ஏற்கெனவே ரெண்டு பேரு எண்ணுறாங்க."

"அதுக்கு நான் என்ன செய்யணும் தம்பி?"

"நீங்க தெருமுனையில நின்னுகிட்டே எந்த வீட்ல என்ன கொழம்புன்னு சொல்றவங்க."

"தவக்காலம்."

"குடிக்க வேணாம் அண்ணி. மோந்து பாத்தா போதும்."

அவருக்கு ஐம்பது வயதாகிறது. கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி புளியைப் பிழிந்தேன். ஞானோபதேசப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மோப்பம் பற்றி ஒன்றும் இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சரி என்றேன்.

எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. என் வீட்டுக்காரர் சர்க்கரை வியாதிக்காக நான்கு வருடத்துக்கு முன் அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் குடியை விட்டவர். அவர் கண்ணில் பாட்டில் படக் கூடாது. வீட்டில் அவர் எட்டிப் பார்க்காத ஒரே இடம் ஜெபப் பீடம். பிரான்சில் இருக்கும் நாத்தனார் லூர்து தீர்த்தம் கொண்டுவந்த அடர்நீலக் கண்ணாடிப் புட்டிகள் மூன்று அங்கே காலியாக இருந்தன. கழுவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விஸ்கியை ஊற்றினேன். மீதியைப் பாட்டிலோடு லெயோன் எடுத்துப்போனார். அடையாளத்துக்குப் படம் ஒட்டினேன். முதலாவது மாதா. இரண்டாவது அந்தோணியார். மூன்றாவது சூசையப்பர்.

மார்ச் 6, வியாழன்

காலை இட்லி, சட்னி. தலையணை உறை துவைத்தேன்.

மத்தியானம் அவர் தூங்கியதும் முதல் மோப்பம். புட்டியில் மூக்கை வைத்தால் காரம் கண்ணில் ஏறுகிறது, வேறொன்றும் தெரியவில்லை. நெய் வாங்கும்போது செய்கிற மாதிரி உள்ளங்கையில் நான்கு சொட்டு விட்டுத் தேய்த்து, காரம் பறந்த பிறகு மோந்தேன். அப்போதுதான் சரக்கு வாயைத் திறக்கிறது.

மாதா: பேரிக்காய்த் தோல். கொஞ்சம் வார்னிஷ். (புனிதரைச் சொல்லவில்லை. புட்டியை.)

அந்தோணியார்: வெனிலா அதிகம். கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் மாதிரி. அடியில் நனைந்த சாக்கு.

சூசையப்பர்: ஊறவைத்த கோதுமை, தேன், பீடத்து மெழுகுவர்த்தி. கடைசியில் புதுப்பெட்டி மரம்.

மாலை லெயோன் போன் செய்தார். கையில் தேய்த்து மோந்ததைச் சொன்னேன்.

"யார் சொல்லிக் குடுத்தா அண்ணி?"

"நெய் சொல்லிக் குடுத்துச்சு."

"நாங்க அதைத்தான் செய்வோம்."

மார்ச் 7, வெள்ளி

சுத்தபோசனம், கவிச்சி இல்லை. சிலுவைப்பாதை. மோக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

மோப்பம் மட்டும் போதாதாம். வாயில் எப்படி நிற்கிறது என்றும் எழுத வேண்டுமாம். ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அரை ஸ்பூன், ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லும் நேரம், பிறகு தொட்டியில் துப்பிவிட வேண்டும்.

மாதா நாக்கு நுனியில் சுடுகிறது. அந்தோணியார் முதலில் இனிப்பாகப் பேசிவிட்டுத் தொண்டையைப் பிடிக்கிறார். சூசையப்பர் எங்கேயும் சுடவில்லை. ஆனால் சீக்கிரம் போய்விடுகிறார். வாசல் வரை வந்து விசாரித்துவிட்டு, உட்காராமல் கிளம்புகிற விருந்தாளி மாதிரி.

தவறி விழுங்கியது: ஒன்று. சூசையப்பர். ஜெபம் முடியும் முன் தும்மல் வந்ததால்.

மார்ச் 13, வியாழன்

இருந்தவர்கள்: நான், எதிர்வீட்டு எமிலியக்கா.

எமிலியக்கா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயின் விதவை. எழுபத்தொரு வயது, முழங்கால் வலி. மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன், அவள் உள்ளே வந்தது காதில் விழவில்லை. திரும்பினால் பீடத்தின் முன்னால் நிற்கிறாள். கையில் சூசையப்பர்.

"பெரான்சுலேர்ந்து தீர்த்தம் வந்துச்சா? சொல்லவே இல்ல பாத்தியா."

"அக்கா, அது வந்து..."

"ஒரு மூடி குடுடி. முட்டி உசிரு போவுது."

இல்லை என்று எப்படிச் சொல்வது? தீர்த்தத்தை யாருக்கும் மறுக்கக் கூடாது. தீர்த்தமில்லை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். சொன்னால் லெயோன் வேலை போய்விடும். அக்கா காதில் விழுந்தது அடுத்த ஞாயிறு பூசைக்குள் ஊருக்கே தெரியும். நான் யோசித்து முடிக்கும் முன் மூடியில் ஊற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு குடித்துவிட்டாள். கண்ணை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"கசக்குது," என்றாள். "மலைத் தண்ணி இல்ல? இரும்புச் சத்து இருக்கும்."

வாசல் படியில் கைப்பிடி இல்லாமல் இறங்கிப் போனாள்.

ஆண்டவரே, என்ன செய்தேன்.

மார்ச் 14, வெள்ளி

எமிலியக்கா ஆறு மணிக்கு வந்தாள். ஒரு மூடி.

மார்ச் 15, சனி

வந்தாள். ஒரு மூடி.

மார்ச் 17, திங்கள்

நாட்காட்டியில் இன்று புனித பத்திரிசியார் திருநாள். அயர்லாந்தின் பாதுகாவலர். அந்த ஊர்ச் சரக்கு என் பீடத்தில் இருக்கும்போது அந்த ஊர்ப் புனிதரின் நாள் வருவது சும்மா இருக்காது. லெயோன் மூக்குக்காக அவரிடம் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை ஒப்புக்கொடுத்தேன்.

லெயோன் உரித்துக் கொடுத்த பாட்டில் லேபிளை அகராதி வைத்துப் படித்தேன். நான் பள்ளிக்கூடம் போனது எட்டாவது வரை. இங்கிலீஷ், பிரெஞ்சு இரண்டும் மருந்துச் சீட்டையும் மாவு டப்பாவையும் படித்துக் கற்றுக்கொண்டவை. மூன்று தடவை காய்ச்சி வடித்தார்களாம். மூன்று வருடம் மரப்பீப்பாயில் வைத்தார்களாம். என் எலுமிச்சை ஊறுகாய்க்கே அவ்வளவு பொறுமை நான் காட்டியதில்லை. இதைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்றால் செய்கிறவர்கள் நேர்மையானவர்களாக இருக்க வேண்டும், அல்லது எங்கேயோ குறுக்குவழி இருக்க வேண்டும். மாதாவிலும் அந்தோணியாரிலும் குறுக்குவழி தெரிகிறது. சூசையப்பரில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தவறியது: இரண்டு.

மார்ச் 19, புதன். சூசையப்பர் திருநாள்

இருபத்தொன்பது வருட வேண்டுதல் இன்று பலித்தது.

என் வீட்டுக்காரர் கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயில் பக்கம் வருகிறவர். இன்று காலை காப்பி கொண்டுபோனேன். ஆள் படுக்கையில் இல்லை. பீடத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"ஜெபம் பண்றேன் மர்செலின்," என்று உள்ளேயிருந்து குரல்.

கதவுக்கு வெளியே முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். வெளியே வந்தபோது அவர் முகம் தெளிவாக இருந்தது. எந்தப் புனிதரிடம் வேண்டினீர்கள் என்று கேட்டேன்.

"சூசையப்பர்தான். நமக்கு ஒத்துக்கிற புனிதர்."

இட்லி ஐந்து சாப்பிட்டார்.

மார்ச் 24, திங்கள்

இருந்தவர்கள்: நான், லெயோன், எவர்சில்வர் டம்ளர் ஆறு.

நான் எழுதியதை லெயோன் ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டார். பேரிக்காய், வார்னிஷ், வெனிலா, சாக்கு, கோதுமை, மெழுகு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது.

"தம்பி, அங்க கிளாஸ்ல படம் ஒட்டியிருக்குமா?"

"இருக்காது."

"அப்போ எந்தக் கிளாஸுல எதுன்னு எப்படித் தெரியும்?"

இரண்டு பேரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்தொன்பது நாள் இதைப் பற்றி இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மூக்கு போனாலும் நாக்கு போகவில்லை. இனிப்பு, கசப்பு, சூடு தெரிகிறது. நுனியில் சுட்டால் மாதா. இனித்துவிட்டுத் தொண்டையில் சுட்டால் அந்தோணியார். எங்கேயும் சுடாவிட்டால் சூசையப்பர். இதை வைத்துப் பயிற்சி. நான் மாற்றி மாற்றி ஊற்ற, அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். முதல் தடவை ஆறில் இரண்டு. நான்காவது தடவை ஆறில் ஆறு. அதற்குள் அவருக்கு நாக்கு குழறியது. தயிர்ச்சோறு போட்டு, வெயில் தாழ்ந்த பிறகு அனுப்பினேன்.

மார்ச் 29, சனி

புட்டிகளைச் சோதித்தேன். மாதா முக்கால். அந்தோணியார் முக்கால். சூசையப்பர் காலுக்கும் கீழே.

பீப்பாயிலிருந்தே ஒரு பங்கு காற்றில் போய்விடும் என்று லெயோன் சொல்லியிருக்கிறார். சூசையப்பர் மட்டும் அதிகம் காற்றில் போகிற ரகம் போலிருக்கிறது. லெயோனிடம் பாட்டிலில் இருந்த மீதியை வாங்கி நிரப்பி வைத்தேன்.

தவறியது: நான்கு. எல்லாம் சூசையப்பர். மற்ற இரண்டையும் விழுங்குமளவுக்குத் தவறு நேரவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

தீர்த்தத்தால் முட்டிவலி போய்விட்டது என்று எமிலியக்கா சபையில் சாட்சி சொல்லிவிட்டாள். முழங்கால் மடக்கிக் காட்டினாள். மாலை நான்கு பேர் வந்தார்கள். "சூசையப்பர் புட்டி எதுடி?" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். தீர்ந்துவிட்டது என்றேன். பொய். மாதா புட்டியிலிருந்து ஊற்றிக்கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார்கள். பக்தி குறைவு என்று முதலில் நினைத்தேன். பிறகு என் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டேன்: நான்கு பேர், நான்கு சுளிப்பு, என் தீர்ப்பு சரி.

அப்படி எழுதியதற்காக வெட்கப்பட்டேன். அழிக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இருந்தவர்கள்: பங்குச்சாமியார் மதலைமுத்து, உபதேசியார், எமிலியக்கா, என் வீட்டுக்காரர், நான்.

தவக்கால வீடு சந்திப்பு. சாமி ஜெபம் சொல்லி முடித்து, தெளிப்பதற்குத் தீர்த்தச் செம்பைத் தேடினார். உபதேசியார் முந்தின வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

"இங்கயே இருக்கே சாமி, லூர்து தீர்த்தம்," என்று எமிலியக்கா சூசையப்பரை எடுத்து நீட்டினாள்.

என் வீட்டுக்காரர், "அது வேணாம் சாமி, பழசு," என்றார். அவருக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று தெரியவில்லை. சாமி உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். நின்றார். கையை மூக்கருகே கொண்டுபோனார். புட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணி எந்த ஊர்லேர்ந்து வந்துச்சும்மா?"

சாமியிடம் பொய் சொல்ல முடியாது. "அயர்லாந்து, சாமி."

"ம். பத்திரிசியார் ஊரு." கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "தெளிக்க வேணாம். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில உக்காந்திருப்பேன். வாங்க."

ஏப்ரல் 5, சனி

பாவசங்கீர்த்தனம். எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே போகாது. ஆகையால் லெயோனுக்குக் கொடுத்த வாக்கு மீறியதாகாது. தவறியது ஐந்து என்பதையும் சொன்னேன். (திங்களன்று ஒன்று.)

கம்பிக்கு அந்தப் பக்கம் சாமி தோள் குலுங்கிய மாதிரி இருந்தது. இருமலாக இருக்கலாம்.

"மோந்தது பாவம் இல்லம்மா. தீர்த்தம்னு நம்ப விட்டது தப்பு. ஈஸ்டருக்கு முன்னாடி அந்த அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடணும். உங்க கொழுந்தனாரும் மொதலாளிகிட்டச் சொல்லணும். அவரு எத்தன நாளு அடுத்தவங்க மூக்குல பொழைப்பாரு?"

அபராதமாகப் பத்து பரலோக மந்திரம். வீடு வரும் வழியிலேயே முடித்தேன்.

லெயோனிடம் சொன்னேன். "பன்னெண்டாம் தேதி தாண்டட்டும் அண்ணி. இது ஒண்ணுல நின்னுட்டா அப்புறம் மெதுவாச் சொல்லிக்கிறேன்," என்றார். அவருடைய சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. ருசி தெரியாததால் சாப்பிடுவதில்லை. மேலே வற்புறுத்த மனம் வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

காலையிலிருந்து ஜெபமாலை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஆய்ந்ததை மறுபடி ஆய்ந்தேன்.

நான்கு மணிக்கு லெயோன் வந்தார். செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். இனி அவர் சொன்னபடி.

கடையின் மாடி அறையில் முதலாளி, ஏஜெண்டு, கணக்குப்பிள்ளை. மூன்று கிளாஸ். லெயோன் நாக்கில் வைத்து மூன்றையும் சரியாகப் பிரித்துவிட்டார். பேரிக்காய் சொன்னார். நனைந்த சாக்கு சொன்னபோது ஏஜெண்டுக்கு முகம் செத்துவிட்டதாம். முதலாளி தொடையைத் தட்டி, "சபாஷ் லெயோனு," என்றாராம். கடைசியாகச் சூசையப்பர் கிளாஸைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, நான் எழுதியதை நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்கிறார்.

"கண்ணத் தொறந்தா ரூம்ல யாருமே இல்ல அண்ணி. எல்லாரும் கீழ தெருவுல நிக்கிறாங்க. ஏசி வயரு கருகி ரூம் பூரா நாத்தமாம். நான் தேன் வாசன வருதுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

சிரிக்கக் கூடாது என்று கீரைத் தட்டைப் பார்த்தேன். லெயோனே சிரித்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? தெருவில் நின்றபடியே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

"என்ன சொன்னாரு?"

"'மூணு மாசமா என்னைய ஏமாத்துன'ன்னாரு. அப்புறம், 'அந்த அண்ணி வீடு எங்க?'ன்னாரு."

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

குருத்தோலை வாங்கி வந்தோம். லெயோன் ஓலையில் சிலுவை மடிக்கிறேன் என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று

இருந்தவர்கள்: கோதண்டபாணி முதலாளி, லெயோன், என் வீட்டுக்காரர், நான். ஆறு மணிக்கு எமிலியக்கா வந்தாள். போகச் சொல்லியும் போகவில்லை.

முதலாளி பட்டுக்கரை வேட்டியில், புது வருஷத்துக்கு மாம்பழம் ஒரு பையும் இன்னொரு பையுமாக வந்தார். இன்னொரு பையில் செய்தித்தாளில் சுற்றிய கிளாஸ் மூன்று, பிளாஸ்க் மூன்று. மேசையில் வைத்து வரிசையாக ஊற்றினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. ஒரு தடவ ஏமாந்துட்டேன். இதுல எது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் எழுந்து, "என் பொண்டாட்டி தவக்காலத்துல..." என்று ஆரம்பித்தார். உட்காரச் சொன்னேன்.

முதல் கிளாஸில் நான்கு சொட்டு. தேய்த்தேன். மோந்தேன். கையைக் கழுவினேன். இரண்டாவது. கழுவினேன். மூன்றாவதற்கு இரண்டு தடவை மோக்க வேண்டியிருந்தது. எமிலியக்கா மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. லெயோன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"மூணும் ஒண்ணுதாங்க," என்றேன்.

முதலாளி அசையவில்லை. "அப்படியா? மூணாவதுல ரெண்டு தடவ பாத்தீங்களே."

"அந்தக் கிளாஸப் பாத்திரம் தேய்க்கிற கட்டியில கழுவியிருக்காங்க. சரியா அலசல. எலுமிச்ச வாடை. சரக்கு அதேதான்."

"எந்தச் சரக்கு?"

"சூசையப்பர்."

"யாரு?"

வேறு வழியில்லை. பீடத்திலிருந்து மூன்று புட்டிகளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். சொல்ல வேண்டியதை எமிலியக்கா முகத்தைப் பார்த்தே சொன்னேன்: இது தீர்த்தமில்லை, அயர்லாந்து விஸ்கி, ஒரு மாதமாக உன்னை ஏமாற்றினேன், மன்னித்துக்கொள்.

எமிலியக்கா முந்தானையைச் சரிசெய்தாள்.

"ஏண்டி, எம் புருசன் பதினஞ்சு வருசம் பட்டாளத்துல இருந்தவன். எனக்கு விஸ்கி தெரியாதா? மொத மூடியிலயே தெரியும்."

"அப்புறம் ஏங்க்கா தெனம் வந்தே?"

"நீ தீர்த்தம்னு நெனச்சுக் குடுக்குற. ஒன் பக்திய எதுக்குக் கெடுக்கணும்னு நானும் சும்மா இருந்தேன். சபையில நாலு பேருக்கும் தெரியும். அந்த மாதா புட்டிதான் ஆவாது."

"அந்தோணியாரும் சரியில்ல," என்றார் என் வீட்டுக்காரர். "குடிச்சா தொண்ட கரகரங்குது."

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் மாம்பழப் பையைப் பார்த்தார்.

விருந்தாளி முன்னால் அதைப் பற்றிக் கேட்பது மரியாதையில்லை. பிறகும் கேட்கவில்லை. சர்க்கரை அளவு பார்க்க நாளைக் காலை வெறும் வயிற்றில் வருவார் என்று ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் அவரிடம் தெரிவித்தேன்.

முதலாளி சிரித்து முடிக்க நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த வெலைக்கு இது தகுமாம்மா? உண்மையச் சொல்லுங்க."

"ஒசந்த சரக்கு இல்லங்க. வாயில நிக்கல. ஆனா ஒசந்த சரக்குன்னு நடிக்கவும் இல்ல. கோதுமை கோதுமையா இருக்கு. மத்த ரெண்டும் செண்டு போட்டுக்கிட்டு வந்த மாதிரி."

"அம்பது பெட்டி சொல்லிடுறேன்." எழுந்தார். லெயோன் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் நான்தான் நிறுத்தினேன்.

"தம்பி வேலை?"

"மூக்கு இல்லாதவன மூக்கு வேலைக்கு வெச்சா ஊரு சிரிக்காதாம்மா?"

"இருபத்திரண்டு வருசத்துல எந்த ஏஜெண்டு குடுத்த பாட்டிலயும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு, மோசமான சரக்க நல்லதுன்னு சொன்னாரா? அந்த நேர்மை மூக்குல இல்லங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டே யோசித்தார். "என்ன செய்யலாம்னு நீங்களே எழுதிக் குடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

ஏப்ரல் 15, செவ்வாய்

முதலாளிக்கு எழுதிய கடிதத்தின் நகல்.

திரு. கோதண்டபாணி அவர்களுக்கு, மர்செலின் அந்துவான் வணக்கத்துடன் எழுதுவது.

நேற்று நீங்கள் எழுதித் தரச் சொன்னபடி எழுதுகிறேன். என் கொழுந்தனார் உங்களிடம் மறைத்தது தப்பு. அதற்கு நான் உடந்தை. இருவருக்குமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

அவருடைய மூக்கு ஆறு மாதத்தில் திரும்பலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஜூலையோடு ஆறு மாதம். அதுவரை லெயோன் பழைய நாற்காலியிலேயே இருக்கட்டும். சூடு, இனிப்பு, கசப்பு அவர் பார்ப்பார். மோப்பத்துக்குச் சரக்கை இங்கே கொடுத்தனுப்பினால் நான் பார்த்து எழுதித் தருகிறேன். என் பெயர் எங்கேயும் வரக் கூடாது. வெள்ளிக்கிழமை அனுப்பக் கூடாது. சம்பளம் வேண்டாம். கிளாஸ்களை இரண்டு தடவை அலசி அனுப்பவும். ஜூலைக்குள் மூக்கு திரும்பாவிட்டால் அவரே வந்து உங்களிடம் சொல்வார். இனி மறைக்க மாட்டார். அதற்கு நான் பொறுப்பு.

மாதா புட்டியிலும் அந்தோணியார் புட்டியிலும் மீதமுள்ளதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சூசையப்பரில் மீதம் இல்லை. காற்றில் போய்விட்டது.

லெயோன் சனிக்கிழமையிலிருந்து எங்கள் கூடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று அரைத் தோசை, இன்று அதுவும் இல்லை. பெரிய வியாழன் மாலையிலிருந்து ஈஸ்டர் வரை நான் கோயிலில் இருப்பேன்; பக்கத்தில் உட்கார்ந்து அவரைச் சாப்பிட வைக்க ஆள் இருக்காது. ஆகவே அவர் ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை எந்த வேலைக்கு வர வேண்டும், மாடி அறைக்கா கொடோனுக்கா என்பதை வியாழன் மத்தியானத்துக்குள் தெரியப்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.